நவம்பரில் தொடங்கும் ஜூன் மாதக் கணக்கு

அக்டோபர் 30 உலக சிக்கன நாள். 1924-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய பன்னாட்டுச் சேமிப்பு வங்கிகள் மாநாட்டில் பிறந்த நாள் இது. பிற நாடுகளில் அக்டோபர் 31. நம் நாட்டில் ஒரு நாள் முன்னதாகக் கடைப்பிடிக்கிறோம். பள்ளிகளில் அன்று பேச்சுப்போட்டி, கட்டுரைப் போட்டி, ஓவியப் போட்டி நடக்கும். சிறுதுளி பெருவெள்ளம், எறும்பு, தேனீ, மண் உண்டியல் எல்லாம் மேடைக்கு வரும். பரிசு வாங்கிய மாணவர் மறுநாள் வழக்கம்போல் பள்ளிக்கு எதிரே உள்ள கடையில் பத்து ரூபாய்க்குத் தின்பண்டம் வாங்குவார். அதில் தவறு ஒன்றும் இல்லை. பேச்சுக்கும் அவர் வாழ்க்கைக்கும் நடுவில் ஒரு கணக்கு விடுபட்டுப் போகிறது, அவ்வளவுதான். அந்தக் கணக்கை வகுப்பறைக்குக் கொண்டுவரும் முயற்சியைப் பற்றியதே இக்கட்டுரை.

நான் ஏற்காடு ஒன்றியத்தில் உள்ள ஓர் அரசுப் பள்ளியில் கணித ஆசிரியை. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறித்தான் தினமும் பள்ளிக்கு வருகிறேன். எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் காப்பித் தோட்டங்களில் வேலை செய்வோரின் பிள்ளைகள். சேர்வராயன் மலைக் கிராமங்களிலிருந்து வரும் மலையாளிப் பழங்குடியினரின் பிள்ளைகளும் உண்டு. இவர்களிடம் "சிக்கனமாக இருங்கள்" என்று சொல்ல எனக்கு நா எழுவதில்லை. இருப்பதை வைத்து நாளைக் கடத்தும் வீட்டுப் பிள்ளையிடம் சிக்கனம் பற்றிப் பேசினால், "உன் வீட்டு வறுமைக்கு உன் வீடே காரணம்" என்று அது காதில் விழக்கூடும். அதனால் ஒன்றைத் தீர்மானித்தேன். எதையும் விட்டுக்கொடுக்கச் சொல்லாத சேமிப்புப் பாடம் ஒன்றை உருவாக்க வேண்டும்.

பாடத்தின் இடம்

புதிதாக நேரம் ஒதுக்கத் தேவையில்லை. எட்டாம் வகுப்புக் கணக்கில் 'வாழ்வியல் கணிதம்' இருக்கிறது. அதே வகுப்பின் சமூக அறிவியலில் 'பணம், சேமிப்பு மற்றும் முதலீடுகள்' என்ற பாடம் இருக்கிறது. ஏழாம் வகுப்பில் சதவீதமும் தனிவட்டியும் வருகின்றன. நான் எட்டாம் வகுப்பில் நான்கு பாடவேளைகளில் இதை நடத்தினேன். அக்டோபர் கடைசி வாரத்தில் தொடங்கினேன். அந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணம் கீழே வருகிறது.

தொடங்கும் முன் வகுப்புக்கு ஒரு விதி வைத்தேன். யாரும் தங்கள் வீட்டு வருமானத்தையோ கடனையோ வகுப்பில் சொல்ல வேண்டியதில்லை. கரும்பலகையில் ஒரு கற்பனைக் குடும்பத்தை உருவாக்கினோம். அப்பா, அம்மா இருவருக்கும் தோட்ட வேலை. வீட்டில் பாட்டி, பத்தாம் வகுப்பு படிக்கும் அக்கா, எட்டாம் வகுப்பு படிக்கும் தம்பி. அதற்குக் 'கணக்குக் குடும்பம்' என்று மாணவர்களே பெயர் வைத்தார்கள். கற்பனைக் குடும்பம் என்றதும் கூச்சம் போய்விடுகிறது. தன் வீட்டுக் கதையை அந்தக் குடும்பத்தின் மேல் ஏற்றிச் சொல்லவும் அவர்களுக்கு வழி கிடைக்கிறது.

செயல்பாடு 1: காப்பிச் செடியின் நாட்காட்டி

1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி.காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக இங்குள்ள வீடுகளின் வரவு செலவைக் காப்பிச் செடி தீர்மானித்து வருகிறது. இது மாணவர்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் அதை ஒரு படமாகப் பார்த்தது கிடையாது.

ஒரு பெரிய வட்டத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதங்களை எழுதினோம். மார்ச், ஏப்ரலில் கோடை மழை விழுந்ததும் காப்பிப் பூக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பழம் பறிப்பு. பறிப்புக் காலத்தில் எடைக்கு ஏற்ப எச்சாக் கூலி கிடைக்கும். வீட்டில் எல்லோருக்கும் வேலை இருக்கும். அந்த மாதங்களுக்குப் பச்சை வண்ணம் தீட்டினார்கள். அடுத்து, செலவு கூடும் மாதங்களைச் சிவப்பு வண்ணத்தால் குறிக்கச் சொன்னேன். பொங்கல், மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழா, அடுத்து ஜூன்.

"ஜூன்ல என்ன கண்ணு செலவு? புத்தகம், நோட்டு, சீருடை, பை எல்லாம் அரசு தருதே?" என்று கேட்டேன்.

"அக்கா பத்தாவது முடிச்சிட்டா டீச்சர். பதினொண்ணாவது சேலத்துல ஆஸ்டல்ல சேரணும். பெட்டி, பாய், போர்வை, பஸ்சு எல்லாம் வேணும்ல?" என்றாள் ஒரு மாணவி.

"மழை வருதுன்னா கூரை ஓட்டை அடைக்கணும்" என்றான் இன்னொருவன்.

பட்டியல் போட்டுக் கூட்டினோம். கணக்குக் குடும்பத்தின் ஜூன் செலவு 5,000 ரூபாய் என்று முடிவாயிற்று. வட்டத்தைப் பார்த்த மாணவர்கள் தாங்களே சொன்னார்கள்: பச்சை முடிந்து நான்கு மாதம் கழித்துச் சிவப்பு வருகிறது. கையில் பணம் இருக்கும்போது செலவு இல்லை, செலவு வரும்போது கையில் பணம் இல்லை.

அக்டோபர் கடைசி வாரத்தைத் தேர்ந்தெடுத்த காரணம் இதுதான். உலக சிக்கன நாள் முடிந்த கையோடு எங்கள் மலையில் பறிப்பு தொடங்குகிறது. ஜூன் மாதத்தில் சேமிப்பைப் பற்றிப் பேசுவது காலம் கடந்த பேச்சு. பள்ளி திறக்கும் மாதத்துக்கான கணக்கு இங்கே நவம்பரில் தொடங்க வேண்டும்.

செயல்பாடு 2: ஒரே செலவு, இரண்டு விலை

கணக்குக் குடும்பம் ஜூனில் 5,000 ரூபாய் கடன் வாங்குகிறது. நூறு ரூபாய்க்கு மாதம் ஐந்து ரூபாய் வட்டி. பறிப்புக் கூலி வந்தபின் டிசம்பரில் திருப்பித் தருகிறது. ஆறு மாதம். மாணவர்கள் கணக்கிட்டார்கள். மாத வட்டி 250 ரூபாய். ஆறு மாதத்துக்கு 1,500 ரூபாய். ஆகத் திருப்பித் தந்தது 6,500 ரூபாய். ஆண்டு வட்டி வீதம் என்ன என்று கேட்டேன். "அஞ்சு சதவீதம்" என்று பலர் சொன்னார்கள். பன்னிரண்டால் பெருக்கியபின் 60 சதவீதம் என்று வந்ததும் வகுப்பு அமைதியானது. 'அஞ்சு வட்டி' என்று காதுக்குப் பழகிய சொல்லுக்குள் அறுபது ஒளிந்திருப்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள்.

அடுத்து மறுபக்கம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை 120 நாள். வாரக் கணக்கில் 17 வாரம். வாரம் 300 ரூபாய் எடுத்து வைத்தால் 5,100 ரூபாய். அதை அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் போட்டு வைத்தால் ஆண்டுக்கு 4 சதவீத வட்டி. 5,000 ரூபாய்க்கு நான்கு மாத வட்டி ஏறக்குறைய 67 ரூபாய்.

அதே பெட்டி, அதே பாய், அதே போர்வை. ஒரு வழியில் வாங்கினால் 6,500 ரூபாய். இன்னொரு வழியில் 5,000 ரூபாய்க்கும் கொஞ்சம் குறைவு. இந்த 1,500 ரூபாய் மிச்சத்துக்காகக் குடும்பம் எதையும் இழக்கவில்லை. ஒரு வேளை உணவைக் குறைக்கவில்லை, பொங்கல் துணியைத் தவிர்க்கவில்லை. பணத்தை ஒரு மாதத்திலிருந்து இன்னொரு மாதத்துக்கு நகர்த்தியது மட்டுமே. சேமிப்பு என்பதற்கு நான் மாணவர்களிடம் சொன்ன முதல் விளக்கம் இதுவே.

வருவாய் சிறிதாக இருப்பதால் கேடு வந்துவிடாது, போகும் வழி அகலாமல் இருந்தால் போதும் என்ற கருத்தைத் திருவள்ளுவர் 'வலியறிதல்' அதிகாரத்தில் வைத்திருக்கிறார். 478-ஆம் குறள். தமிழாசிரியர் அதே வாரத்தில் அந்தக் குறளை நடத்தினார். கடன் வட்டியே அகலமான வழி என்று ஒரு மாணவன் விளக்கம் எழுதியிருந்தான்.

செயல்பாடு 3: மகிழ்ந்தது, மறந்தது

வாரம் 300 ரூபாய் எங்கிருந்து வரும்? பெரும்பகுதி பறிப்புக் காலத்தின் எச்சாக் கூலியிலிருந்து வர வேண்டும். மீதிக்கு அன்றாடச் செலவைப் பார்க்க வேண்டும். எதையும் விடச் சொல்வதில்லை என்ற உறுதி இருப்பதால், இங்கே ஒரு சோதனையைப் பயன்படுத்தினேன்.

மாணவர்கள் ஒரு வாரம் தாங்கள் கையால் செலவழித்ததை எல்லாம் குறித்து வந்தார்கள். அடுத்த திங்கட்கிழமை, குறிப்பைப் பார்க்காமல், போன வாரம் வாங்கியதில் நினைவிருப்பதைச் சொல்லச் சொன்னேன். வெள்ளிக்கிழமை நண்பர்களோடு பகிர்ந்து சாப்பிட்ட ஐஸ் நினைவிருந்தது. தங்கைக்கு வாங்கிய வளையல் நினைவிருந்தது. செவ்வாய், புதன் கிழமைகளில் பள்ளி மணி அடிக்கும் அவசரத்தில் வாங்கிய பாக்கெட் யாருக்கும் நினைவில்லை. நினைவிருந்தவை 'மகிழ்ந்தது' என்ற பத்தியில்; நினைவில்லாதவை 'மறந்தது' என்ற பத்தியில்.

மகிழ்ந்ததைத் தொட வேண்டாம், மறந்ததில் பாதியை மட்டும் குறைத்துப் பார்க்கலாம் என்றேன். ஒரு நாளைக்குப் பத்து ரூபாய் வீதம் 220 பள்ளி நாட்களுக்கு 2,200 ரூபாய். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் விட்டால் 44 வாரங்களுக்கு 880 ரூபாய். மறந்துபோகும் பொருளை விட்டால் இழப்பு தோன்றுவதில்லை. மகிழ்ச்சி தரும் பொருளை விடச் சொன்னால்தான் சேமிப்பு தண்டனையாகிறது. தண்டனை மூன்று வாரத்துக்கு மேல் தாங்காது.

அதே பாக்கெட்டின் எடையையும் பார்த்தோம். ஒரு மாணவன் கொண்டுவந்த பத்து ரூபாய்ப் பாக்கெட்டில் 25 கிராம் என்று அச்சிட்டிருந்தது. ஒரு கிலோ என்ன விலை? 400 ரூபாய். "நானூறு ரூவாய்க்கு உருளைக்கெழங்கா!" என்று வகுப்பே சிரித்தது. எங்கள் மலையில் கொய்யாவும் ஆரஞ்சும் பலாவும் விளைகின்றன. ஒரு கிலோ கொய்யாவின் விலையை அதன் பக்கத்தில் எழுதச் சொன்னேன். அதற்குமேல் நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. எண்ணே பேசியது.

செயல்பாடு 4: அறிவுரை நம் வீட்டுக்குப் பொருந்துமா?

நாளிதழ்களிலும் தொலைக்காட்சியிலும் சேமிப்புக் குறிப்புகள் ஏராளம். அவற்றைப் படிக்கும் மாணவர் அது தன் வீட்டுக்குப் பொருந்துமா என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். மூன்று குறிப்புகளை எடுத்துக்கொண்டோம்.

*குண்டு பல்பை மாற்றுங்கள்.* 60 வாட் குண்டு பல்பு தினம் 5 மணி நேரம் எரிந்தால் 60 நாளில் 18 யூனிட். 9 வாட் எல்.இ.டி. பல்பு என்றால் 2.7 யூனிட். நல்ல மிச்சம்தான். ஆனால் "எங்க வீட்டுக்குக் கரண்டு பில்லே வராது டீச்சர்" என்றாள் ஒரு மாணவி. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை. இரண்டு விளக்கும் ஒரு தொலைக்காட்சியும் உள்ள வீடு அந்த வரம்புக்குள் அடங்கிவிடும். மின்சாரத்தை வீணாக்கக் கூடாது என்பது வேறு; அந்த வீட்டின் பணம் இதில் மிச்சமாகாது என்பது உண்மை. நூறு யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்கே இந்தக் குறிப்பு பணம் தரும்.

*சிறு பாக்கெட் வாங்காதீர்கள், மொத்தமாக வாங்குங்கள்.* ஷாம்பூவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து ஏழை வீடுகளுக்கும் எட்டச் செய்ததில் கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணனின் குடும்பத்துக்குப் பெரும் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் பிறந்த வணிக முறை அது. மாணவர்கள் வீட்டிலிருந்து காலி உறைகளைக் கொண்டுவந்து 100 மில்லிக்கும் 100 கிராமுக்கும் விலை கண்டார்கள். எண்ணெயும் தேயிலைத் தூளும் பெரிய அளவில் வாங்கினால் மலிவாக இருந்தன. ஷாம்பூவில் சிறு பாக்கெட்டே மலிவாக இருந்தது. அந்தக் காலி உறைகள் ஓடையில் போய்ச் சேர்கின்றன என்ற கேள்வியையும் மாணவர்களே எழுப்பினார்கள். 'மொத்தமாக வாங்கினால் மலிவு' என்பது விதி அல்ல. ஒவ்வொரு முறையும் வகுத்துப் பார்க்க வேண்டிய கணக்கு.

*எரிபொருளை மிச்சப்படுத்துங்கள்.* இது எங்கள் மலைக்கென்றே அமைந்த குறிப்பு. அறிவியல் ஆசிரியர் உதவியுடன் கொதிக்கும் நீரில் வெப்பநிலைமானியை வைத்துப் பார்த்தோம். 95 டிகிரி செல்சியசுக்கு அருகில் நின்றது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரே போகப்போகக் காற்றழுத்தம் குறையும், நீர் கொதிக்கும் வெப்பநிலையும் குறையும். அதனால் திறந்த பாத்திரத்தில் பருப்பும் கொண்டைக்கடலையும் வேகச் சேலத்தை விட இங்கே நேரம் அதிகம். விறகும் எரிவாயுவும் அதிகம். இரவே ஊறவைப்பதும், மூடி போட்டு வேகவைப்பதும், குக்கர் பயன்படுத்துவதும் சமவெளியில் நல்ல பழக்கம் என்றால் மலையில் பணம். குக்கருக்குள் வெப்பநிலை 120 டிகிரி வரை உயர்கிறது என்பதை அறிவியல் ஆசிரியர் விளக்கினார். சாப்பாட்டின் அளவும் சுவையும் குறையவில்லை. விறகு சுமக்கும் பாட்டிக்கு ஒரு நடை குறைந்தது.

உறையிலிருந்து கணக்குக்கு

பாடத்தின் முடிவில் ஒவ்வொரு மாணவரும் பழைய காகிதத்தில் இரண்டு உறைகள் செய்தார்கள். ஒன்றில் 'ஜூன்' என்றும் மற்றொன்றில் 'திருவிழா' என்றும் எழுதினார்கள். திருவிழா உறை வேண்டும் என்று நான் வலியுறுத்தினேன். கோடை விழாவுக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் ஏரிக்கரையில் ஒரு மணி நேரத்தில் செலவழிப்பதைப் பார்த்து வளரும் பிள்ளைகள் இவர்கள். அவர்களின் சொந்தத் திருவிழாவுக்கு ஒரு புதுச்சட்டையை வீண் செலவு என்று யாரும் சொல்லக் கூடாது. திட்டமிட்டு வைத்த பணத்தில் கொண்டாடினால் அடுத்த மாதம் வட்டி கட்டும் கவலை இல்லை.

வீட்டில் பணம் இருந்தால் கரையும் என்பது பெற்றோர் சொன்ன நியாயமான மறுப்பு. பெற்றோர் கூட்டத்தில் ஓர் அம்மா சொன்னார்: "தெனமும் எடுத்து வைக்கறதுன்னா முடியாது டீச்சர். பறிப்புல வர்ற எச்சாப் பணத்துல எடுத்து வைக்கச் சொன்னா வைக்கலாம். ஆனா வூட்டுல வச்சா யாராச்சும் கைமாத்து கேப்பாங்க." அதற்குத்தான் அஞ்சலகமும் வங்கியும். அஞ்சலகச் சேமிப்பு வங்கி நம் நாட்டில் 1882 முதல் இயங்குகிறது. 500 ரூபாயில் கணக்குத் தொடங்கலாம். பத்து வயது நிறைந்த பிள்ளைகள் தங்கள் பெயரில் தாங்களே கணக்கை இயக்கலாம்.

மாதாந்திரத் தொடர் வைப்புக்கு ஐந்தாண்டு காலம், மாதம் குறைந்தது 100 ரூபாய். மாதந்தோறும் ஒரே தொகை கட்டுவது தோட்டத் தொழிலாளிக்குக் கடினம். ஆனால் ஆறு மாதமோ அதற்கு மேலோ முன்கூட்டியே கட்டிவிட இதில் வசதி உண்டு. அதற்குச் சிறு தள்ளுபடியும் உண்டு. பறிப்புக் காலத்தில் மொத்தமாகக் கட்டிவிட்டு மழைக்காலத்தில் நிம்மதியாக இருக்கலாம். ஜூன் செலவுக்கு சேமிப்புக் கணக்கு. கல்லூரிக் கனவுக்குத் தொடர் வைப்பு. மகளிர் சுயஉதவிக் குழுவில் இருக்கும் அம்மாக்களுக்கு அதுவும் ஒரு நல்ல வழி. தமிழ்நாட்டில் அந்த இயக்கம் 1989-இல் எங்கள் பக்கத்து மாவட்டமான தருமபுரியில்தான் தொடங்கியது. பதிவு செய்யாத சீட்டுகளில் போடுவதற்கு முன் பதிவு எண்ணைக் கேளுங்கள் என்பதையும் பெற்றோரிடம் சொன்னோம்.

நம்மில் மூத்தவர்கள் 'சஞ்சயிகா' என்ற பள்ளிச் சேமிப்பு வங்கியை மறந்திருக்க மாட்டார்கள். மாணவர்களே மேலாளராகவும் காசாளராகவும் இருந்து ஏடுகளை எழுதினார்கள். இன்று பணத்தைப் பள்ளியில் வாங்கி வைக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். கணக்கு எழுதும் அந்தப் பயிற்சியை மட்டும் மீட்டெடுக்கலாம். எங்கள் வகுப்பில் இரண்டு மாணவர்கள் கணக்குக் குடும்பத்தின் வரவு செலவு ஏட்டை வாரந்தோறும் எழுதி வந்தார்கள்.

விட்டுவிடாமல் பெறுவதும் சேமிப்பே

கையில் உள்ளதைக் காப்பது ஒரு பாதி. வர வேண்டியதை விடாமல் பெறுவது மறு பாதி. எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கான தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வில் வென்றால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய். நான்கு ஆண்டுகளுக்கு 48,000 ரூபாய். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய். இவை எல்லாம் வங்கிக் கணக்குக்கு நேராக வருபவை. இரண்டு ஆண்டுகள் எந்தப் பரிவர்த்தனையும் இல்லாத வங்கிக் கணக்கு செயல்படாத கணக்காகிவிடும். பள்ளியில் சேரும்போது தொடங்கி, பெட்டியில் போட்டுவிட்ட பாஸ் புத்தகங்கள் எத்தனை! ஆண்டுக்கு ஒரு முறை நூறு ரூபாய் போட்டு எடுத்தாலே கணக்கு உயிரோடு இருக்கும். அக்டோபரில் வகுப்பு முழுவதும் பாஸ் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, கடைசிப் பரிவர்த்தனை நடந்த நாளை மட்டும் பார்த்தோம். அரை மணி நேர வேலை.

என்ன நடந்தது?

எல்லா வீடுகளும் உறையை நிரப்பவில்லை. சில உறைகள் பொங்கலோடு காலியாயின. பாதிக்கும் குறைவான வீடுகளே பிப்ரவரி வரை தொடர்ந்தன. ஆனால் ஒரு வீட்டைப் பற்றிச் சொல்லலாம்.

அந்த மாணவியின் அண்ணன் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தவன். ஜூன் மாதத்தில் ஐந்தாயிரம் ரூபாய் புரட்ட முடியாமல், "அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்று ஓட்டல் வேலைக்குப் போனான். அடுத்த வருடம் அவனுக்கு வரவே இல்லை. இப்போது அக்காவின் முறை. அம்மா பறிப்புக் கூலியிலிருந்து வாரம் 300 ரூபாய் எடுத்து மகளிடம் கொடுத்தார். மகள் உறையில் போட்டு, மாதம் ஒரு முறை அம்மாவுடன் அஞ்சலகத்துக்குப் போனாள். மார்ச்சில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து 1,500 ரூபாய் செலவாயிற்று. ஜூனில் அந்த 1,500 மட்டும் கடன் வாங்கினார்கள். மூன்று மாதத்தில் அடைத்தார்கள். வட்டி 225 ரூபாய். முழுத் தொகையையும் வாங்கியிருந்தால் 1,500 ரூபாய் வட்டி கட்டியிருப்பார்கள் என்று அந்த மாணவி கணக்கேட்டில் எழுதி, வித்தியாசத்தைக் கோடிட்டுக் காட்டினாள்: 1,275 ரூபாய்.

அக்கா இப்போது சேலத்தில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். சேமிப்பு முழுமையாக வெற்றி பெற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கடனின் அளவைக் குறைத்தாலே ஒரு பிள்ளையின் ஜூன் மாதம் காப்பாற்றப்படுகிறது.

உங்கள் பள்ளியில் செய்ய

காப்பி எங்கள் ஊரின் பயிர். உங்கள் ஊரில் அது நெல்லாக இருக்கலாம், மீன்பிடித் தடைக்காலமாக இருக்கலாம், பட்டாசுத் தொழிலாக, உப்பளமாக, தறியாக இருக்கலாம். முதலில் பச்சை மாதங்களையும் சிவப்பு மாதங்களையும் மாணவர்களிடம் கேட்டு வட்டம் வரையுங்கள். பச்சை தொடங்கும் வாரத்தில் இந்தப் பாடத்தை நடத்துங்கள். கற்பனைக் குடும்பத்தை வைத்தே பேசுங்கள். எந்தப் பிள்ளையின் வீட்டுக் கணக்கையும் கரும்பலகைக்குக் கொண்டுவர வேண்டாம். தொடக்கப் பள்ளியில் 'மகிழ்ந்தது, மறந்தது' செயல்பாட்டைப் படம் வரைந்து செய்யலாம். அங்கே வட்டிக் கணக்கு தேவையில்லை.

நம் வீட்டுக்கும் இதே கணக்கு பொருந்தும். நமக்கு மாதச் சம்பளம் வருகிறது என்றாலும் பிள்ளைகளின் கட்டணம், வாகனக் காப்பீடு, ஆயுள் காப்பீடு, தீபாவளி ஆகியவை ஆண்டுக்கு ஒரு முறை மொத்தமாக வந்து நிற்கின்றன. இவற்றைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, அந்தத் தொகையைச் சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்குக்கு மாற்றிவிட்டால், மீதியைக் குற்ற உணர்வில்லாமல் செலவழிக்கலாம். கைப்பேசியில் மாதந்தோறும் தானாகப் போகும் சந்தாக்களில் 'மறந்தது' எத்தனை என்றும் ஒரு மாலையில் பார்த்துவிடலாம்.

அடுத்த உலக சிக்கன நாளில் போட்டிகள் வழக்கம்போல் நடக்கட்டும். அவற்றுடன் ஒரு பாடவேளையை இந்த வட்டம் வரைவதற்கு ஒதுக்குங்கள். சாக்பீசும் கரும்பலகையும் போதும்.